ஆடியில் முடிந்த வரன்

ஜூலை 17, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் ஆபீஸில் ஈ ஓட்டலாம். ஆடியில் யாரும் பெண் பார்க்க மாட்டார்கள், ஜாதகத்தை வெளியே எடுக்க மாட்டார்கள், நாமாகப் போன் போட்டாலும் "ஆவணி பொறக்கட்டும் சார்" என்று வைத்துவிடுவார்கள். உறையூரில் 'துணைநலம் திருமணத் தகவல் மையம்' ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆடி என்றால் எனக்கு வெள்ளையடிக்கிற மாதம், ஃபேன் துடைக்கிற மாதம். இந்த ஆடியில் என் மகள் மங்கையர்க்கரசி வேறு வேலை வைத்துவிட்டாள். ஆவணி பிறக்கும்போது ஆபீஸில் ஏஐ ஏஜென்ட் வேலை பார்க்க வேண்டுமாம்.

"ஏஜென்ட்னா?" என்றேன்.

"நாம ஒவ்வொண்ணாச் சொல்லாமலே தானா வேலை பாக்கும்பா. வர்ற மெசேஜுக்குப் பதில் போடும். யாருக்கு யாரைக் காட்டலாம்னு பாத்து அனுப்பும். ரெண்டு நாள் கழிச்சு என்னாச்சுன்னு அதுவே கேக்கும்."

"அதைத்தானே நான் பண்றேன்? நானே ஒரு ஏஜென்ட். ஏஜென்டுக்கு எதுக்கும்மா ஏஜென்ட்?"

சிரித்தாளே தவிர விடவில்லை. இதைக் கட்டிக்கொடுக்கச் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து பெனிட்டா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். பார்த்தால் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறாள், கேட்கிற கேள்வியெல்லாம் வக்கீல் கேள்வி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நடக்கட்டும்.

ஜூலை 20, திங்கள்

பெனிட்டா சுவரில் ஒரு பெரிய வெள்ளைத்தாளை ஒட்டி நடுவில் கோடு போட்டாள். இந்தப் பக்கம் 'அதுவே செய்யலாம்', அந்தப் பக்கம் 'சாரைக் கேட்டுச் செய்ய வேண்டும்'. ஒவ்வொரு வேலையாகச் சொல்லி எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஒரு பெண்ணின் போட்டோவை அனுப்புவதா? என்னைக் கேட்க வேண்டும். மாப்பிள்ளை சம்பளத்தைச் சொல்வதா? என்னைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் என் பக்கமே தள்ளினேன்.

"சார், அப்புறம் அது என்னதான் பண்ணும்?" என்றாள். என் மகள் அரசி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். எனக்குச் சுருக்கென்றது.

"சரி, ஒண்ணு எழுதிக்க. ஒரு வரன் முடிஞ்சுட்டா, அதே நாள்ல, அந்த இடத்துக்காகக் காத்திருக்கிற மத்த வீட்டுக்கெல்லாம் சொல்லிடணும். பொண்ணு வீட்டுக்கு நம்ம கணக்குல ஒரு தாம்பூலத் தட்டு போகணும். தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், ரெண்டு முழம் மல்லி. கடைவீதிப் பூக்கடைக்கு ஒரு வார்த்தை சொன்னா போதும். இது நம்ம ஆபீஸ் வழக்கம். காத்திருக்கிற வீட்டைக் காக்க வைக்கிறது பாவம்."

"இதை அதுவே செய்யலாமா?"

"நல்ல சேதி சொல்ல யாரைக் கேக்கணும்? தாராளமாச் செய்யட்டும்."

'அதுவே செய்யலாம்' பக்கத்தில் விழுந்த முதல் வேலை அதுதான். பெனிட்டா எனக்குக் கை கொடுத்தாள்.

ஜூலை 22, புதன்

அரசி பல் டாக்டரிடம் போயிருந்தாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் அரை மணி நேரம் தேடினேன்.

ஜூலை 24, வெள்ளி

இன்று பெனிட்டாவோடு சண்டை. "ஒரு வீட்டுக்காரங்க வேண்டாம்னு சொன்னா, அடுத்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வீங்க?" என்றாள்.

"ஜாதகம் பொருந்தலைன்னு."

"பொருந்தியிருந்தா?"

"பொருந்தியிருந்தாலும்தான். பொண்ணு கறுப்பு, பையனுக்குத் தலைல முடி இல்ல, அப்பன் குடிகாரன், இதையெல்லாம் அவங்க காதுல போட முடியுமா? கிரகத்து மேல பழியைப் போட்டா அது கோவிச்சுக்காது."

அவளுக்கு ஏற்கவில்லை. ஏஜென்ட் கையில் ஜாதகமும் இருக்கும், பொருத்தமும் பார்த்திருக்கும், இல்லாததை இருப்பதாகச் சொல்லச் சொன்னால் நாளைக்குச் சிக்கல் என்கிறாள். "காரணம் சொல்லாம, 'அவங்க தொடர விரும்பலை'ன்னு மரியாதையா முடிச்சிடலாம் சார்" என்றாள். அரசியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். இவர்களுக்கு என்ன தெரியும்? இந்த நாக்கால் எத்தனை பெண்களின் கண்ணீரைத் தடுத்திருக்கிறேன். கத்திவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். திரும்பி வந்தபோது அவள் சொன்னபடியே எழுதி முடித்திருந்தார்கள்.

ஜூலை 28, செவ்வாய்

சாப்பிடும்போது அரசியிடம் கேட்டேன். "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்? நீ இருக்கே, நான் இருக்கேன். ஓடிட்டுத்தானே இருக்கு?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நான் இல்லாட்டியும் ஓடணும்பா."

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். எங்கே போகப் போகிறாள்? அவள் அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது, அன்றையிலிருந்து வீடும் ஆபீஸும் அவள் கையில்தான். முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகிவிட்டால் போகத்தான் வேண்டும், ஊர் வழக்கம் எனக்குத் தெரியாததா? நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றும் அமையவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

ஜூலை 31, வெள்ளி

பழைய பைல்களைச் சுத்தம் செய்கிற வேலை. ஏஜென்டுக்கு அரைகுறையான பைலைக் கொடுத்தால் அதுவும் வேலையை அரைகுறையாகத்தான் செய்யுமாம். பெண்கள் பக்கத்தை அரசி எடுத்துக்கொண்டாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "என்னோடது நீங்க பாருங்கப்பா. நான் அதைத் திறந்ததே இல்லை. என் வரனை நானே நோண்டிப் பாத்தா நல்லா இருக்காது" என்றாள். அதில் தொடர்புக்கு என் நம்பர்தான் இருக்கிறது. எல்லாம் என்னிடம்தான் வரும்.

திறந்து பார்த்தேன். மூன்று வீடு நிற்கிறது. ஓசூர்ப் பையன் கம்பெனியில் பெரிய வேலை. ஆனால் ஓசூர்த் தண்ணீர் இவளுக்கு ஒத்துக்கொள்ளாது. நாமக்கல் வீட்டில் மாமியார் வாய் ஓயாது. புதுக்கோட்டைப் பையன் இளஞ்சேரன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறான், அமைதியான பிள்ளை, பொருத்தமும் ஒன்பது. ஆனால் வீட்டில் மூன்று நாய் வளர்க்கிறார்கள். மூன்று! நாய் முடி மூச்சுக்கு ஆகாது. பெற்ற அப்பன் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா? அரசியிடம் மூன்றுக்குமே ஜாதகம் இடிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவர்களிடம், கொஞ்சம் பொறுங்கள், தை போகட்டும், சித்திரை போகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சுத்தம் செய்ய ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

ஆடிப்பெருக்கு. ஆபீஸ் விடுமுறை. அரசி தேங்காய்ச் சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு பெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு காவிரிக்குப் போனாள். அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லையாம். "என்னப்பா வேண்டிக்கிட்டேன்னு கேக்கவே மாட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

ஒத்திகை ஆரம்பம். ஏஜென்ட் எல்லா வேலையையும் செய்து காட்டும், ஆனால் எதுவும் வெளியே போகாது. நன்றாகத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். மணப்பாறைப் பெண் வீட்டுக்கு அது எடுத்துக் காட்டிய பையன் எனக்கே தோன்றாத பையன்.

சாயங்காலம் பெனிட்டா குண்டைப் போட்டாள். "சார், இன்னொரு வேலையும் அது பண்ணும். சரின்னு சொல்லிட்டு நம்மகிட்டேயிருந்து பதில் வராம நிக்கிற வீடுகளைத் தேடி எடுக்கும். 'தேங்கிய வரன்கள்'னு பேரு. வெள்ளிக்கிழமை காலைல அந்தப் பட்டியலைப் பெரிய திரையில போட்டு மூணு பேரும் உக்காந்து பாப்போம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான் சார். ரொம்ப நாள் நிக்கிறது முதல்ல வரும்."

முதலில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அரசி உட்கார்ந்திருப்பாள், திரையில் அவள் பெயர் வரும், கீழே மூன்று வீடு வரும், மூன்றிலும் 'சம்மதம்' என்று இருக்கும்.  பெனிட்டா அதற்குப் பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நாளைக்கு, கோடு, இந்தப் பக்கம் என்று. தலையை ஆட்டிவைத்தேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வீணாக ஒரு மனக்கசப்பு எதற்கு?

அரசி பேங்குக்குப் போன நேரத்தில் அவள் பைலைத் திறந்தேன். அழிக்கப் பார்த்தேன், ஒத்திகை முடியும்வரை எதையும் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். 'நிறுத்தி வைப்பு' என்று போடப் பார்த்தேன், காரணம் கேட்டது, காரணம் சொன்னால் அரசிக்குத் தகவல் போகுமாம். மிச்சம் இருந்தது ஒன்றுதான். 'முடிந்தது'. அதைப் போட்டேன். முடிந்த வரன் பட்டியலில் வராது. வெள்ளிக்கிழமை தாண்டியதும் பழையபடி மாற்றிவிட்டால் போயிற்று. ஒத்திகைதானே, எதுவும் வெளியே போகாது.

மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. கேஸ் சிலிண்டர் வந்தது. நானே உருட்டி உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

எங்கிருந்து எழுதுவது என்றே தெரியவில்லை.

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் கடைவீதிப் பூக்கடை முத்தையா நிற்கிறார், கையில் தாம்பூலத் தட்டு. தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம், மல்லி. அரசி கதவைத் திறந்தாள். முத்தையாவுக்கு வாயெல்லாம் பல்.

"ஏம்மா, நம்ம வீட்டுப் பொண்ணுக்கேவா! ஆபீஸ்லேருந்து ஆர்டர் வந்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மல்லியை ரெண்டு முழம் கூடவே வச்சிருக்கேன். நல்லா இரும்மா."

அரசி தட்டை வாங்கிக்கொண்டாள். அதில் செருகியிருந்த அட்டையைப் படித்தாள். அவர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து என்னைப் பார்த்தாள்.

"எனக்கு முடிஞ்சுடுச்சாப்பா? யாரோட?"

"மிஷின் தப்பும்மா. நான் அப்பவே சொன்னேன்ல இதெல்லாம் வேண்டாம்னு?"

"அதுவும் ஆடியில."

"அதான் சொல்றேன், அதுக்கு ஆடி தெரியுமா ஆவணி தெரியுமா?"

உண்மையில் யாருமே அதற்கு ஆடியைச் சொல்லித்தரவில்லை. அத்தனை விதி எழுதினோம், ஆடியில் வரன் முடியாது என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. நெருப்பு சுடும் என்று யாராவது எழுதிவைப்பார்களா?

ஆபீஸில் பெனிட்டா முகம் வெளுத்துப்போனாள். 'அதுவே செய்யலாம்' பக்கத்தில் இருந்த வேலையை மட்டும் வியாழக்கிழமை முதல் நிஜமாகவே ஓடவிட்டிருக்கிறாள். புதன்கிழமையே என்னிடம் சொன்னாளாம், நான் தலையாட்டினேனாம். தட்டு வந்திருக்கிறது என்றால் காத்திருந்த வீடுகளுக்கும் தகவல் போயிருக்கும். அவள் அதைச் சொல்ல வாயெடுத்ததுமே நான் எழுந்து கத்தினேன். கம்பெனியில் புகார் கொடுப்பேன் என்றேன். ஒரு பெண்ணின் பெயரில் விளையாடுகிறீர்களா என்றேன். பெனிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க தப்பு நடந்துதுன்னு நாளைக்குள்ள பாத்துச் சொல்றேன் சார்" என்றாள். பட்டியலை இன்று யாரும் பார்க்கவில்லை.

பாவம் அந்தப் பெண். ஆனால் அவளுக்கு என்ன, வேறு ஊர், வேறு வேலை. எனக்கு இருப்பது ஒரே மகள்.

ஆகஸ்ட் 8, சனி

பெனிட்டா சீக்கிரமே வந்திருந்தாள். அரசியும் இருந்தாள். பெனிட்டா என்னை நேராகப் பார்த்தாள், நேற்றைய கலக்கம் இல்லை.

"சார், பாத்துட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

 அந்த நேரம் பார்த்து ஆபீஸ் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று நினைத்தேன். அரசி எடுத்தாள். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டாள், கையில் பேனாவோடு.

"துணைநலமா? நான் புதுக்கோட்டைலேருந்து சிவகாமசுந்தரி பேசறேன். இளஞ்சேரனோட அம்மா. உங்க ஆபீஸ்லேருந்து மெசேஜ் வந்திருக்கு, மங்கையர்க்கரசிங்கிற பொண்ணுக்கு வரன் முடிஞ்சுதுன்னு."

"சொல்லுங்கம்மா."

"ஆடி மாசத்துல எந்த வீட்டுல முடிக்கறாங்க? எங்களைக் கழட்டிவிடறதுக்குத்தானே இப்படி அனுப்பினீங்க? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாமே. பொருத்தம் ஒன்பது இருக்கு, எங்களுக்குப் பூரண சம்மதம்னு சொல்லி எட்டு மாசமாச்சு. தை போகட்டும்னாரு உங்க சார், சித்திரை போகட்டும்னாரு. எம் பையன் போட்டோவைப் பாத்ததோட சரி, வேற இடமே பாக்கவிடல. அந்தப் பொண்ணு எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆனா எங்களை இப்படி உக்கார வச்சிருக்க வேண்டாம்."

பேனா நின்றுவிட்டது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அரசி என்னைப் பார்க்கிறாள் என்பது பார்க்காமலே தெரிந்தது.

"அம்மா," என்றாள் அரசி.  "அந்தத் தகவல் தப்பு. அந்தப் பொண்ணுக்கு இன்னும் எங்கேயும் முடியல."

"அப்படியா? நீங்க யாரும்மா பேசறது? உங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"நான்தாம்மா அந்தப் பொண்ணு."

 அந்த அம்மாள் மெதுவாக, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று அவளுக்கும் தெரியவில்லை போல. அரசி "இனிமேதாம்மா" என்றாள். ஆவணி பிறந்ததும் தானே கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

பெனிட்டா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் நாய் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று நாய், மூச்சு, முடி.

"எனக்கு நாய்னா உசிருப்பா. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அரசி பேசவில்லை. மேசையில் சாப்பாடு மூடி இருந்தது. மாத்திரையை எடுத்துத் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 12, புதன்

பெனிட்டாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். "ஏம்மா, அன்னிக்குக் கத்தினது..." என்று ஆரம்பித்ததும், "பரவால்ல சார். கம்பெனிக்கு எதுவும் சொல்லல" என்று லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டாள். சுவர்த்தாளில் 'முடிந்தது' இப்போது 'கேட்டுச் செய்ய வேண்டும்' பக்கத்துக்கு வந்துவிட்டது. அரசியின் கையெழுத்து. அவளுடைய பைலில் தொடர்பு எண்ணையும் மாற்றிவிட்டாள்.

ராத்திரி நடந்து நடந்து பார்த்தேன். அவள் போய்விடுவாள். ஓசூரோ நாமக்கல்லோ புதுக்கோட்டையோ, போய்விடுவாள். இந்த வீட்டில் நான் ஒருவன் உட்கார்ந்து என்ன செய்வேன்? பயமாக இருக்கிறது. நாயும் இல்லை தண்ணீரும் இல்லை, பயம்தான்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

ஆவணி. ஏஜென்ட் நிஜமாகவே வேலையில் இறங்கிவிட்டது. காலையிலிருந்து வந்த செய்திகளுக்கெல்லாம் அதுவே பதில் போட்டது, கேட்க வேண்டியதை மட்டும் என் போனில் கேட்டது. மத்தியானத்துக்குள் எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. நன்றாக ஓடுகிறது. அரசி இல்லாமலேயே ஓடும். அதற்குத்தான் இத்தனையும் செய்தாள், என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனசில்லாமல். இது எனக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. நான் ஒரு மடையன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

வயலூர் முருகன் கோவிலில் நாங்களும் புதுக்கோட்டை வீட்டாரும் சந்தித்தோம். ஏற்பாடு எல்லாம் அரசிதான். என்னிடம் "ஒன்பது மணிக்குக் கிளம்பணும்" என்று மட்டும் சொன்னாள்.

பையன் போட்டோவைவிட ஒல்லி. இரண்டு பேரும் குளக்கரைப் பக்கம் போய்ப் பேசினார்கள். திரும்பி வரும்போது அரசி சிரித்துக்கொண்டு வந்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்தோம். சிவகாமசுந்தரி அம்மாள் வெற்றிலையை எடுத்தாள், கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் திருப்திதான். ஒண்ணு மட்டும் நெஞ்சுல முள்ளா நிக்குது, கேட்டுடறேன். எட்டு மாசம் எங்களை எதுக்குங்க இழுத்தடிச்சீங்க? எங்க குடும்பத்துல என்ன குறை கண்டீங்க?"

அவள் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். பையனும் பார்த்தான். இருபத்தாறு வருடம் பேசியே பிழைத்தவன் நான். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இதோடு இந்த இடம் கெட்டது, என்னால் கெட்டது, இனி அரசி என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

"அத்தை, அப்பாவைக் கேக்காதீங்க" என்றாள் அரசி. "நான்தான் தள்ளிப் போடச் சொன்னேன். ஆபீஸை ஒரு வழிக்குக் கொண்டு வராம கல்யாணப் பேச்சே வேண்டாம்னு பிடிவாதம் பிடிச்சேன். என்னைக் காட்டிக்குடுக்க மனசில்லாம உங்ககிட்ட ஏதேதோ சாக்குச் சொல்லிட்டு இருந்தாரு, பாவம்."

கண் இமைக்கவில்லை. அந்த அம்மாள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அடி கெட்டிக்காரி! இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் அந்தக் கத்து கத்தறேன்?" என்று வெற்றிலையை எடுத்து நீட்டினாள். ஆவணிக் கடைசியில் நிச்சயம், ஐப்பசியில் கல்யாணம். நான் வாங்கும்போது பாக்கு இரண்டு கீழே விழுந்தது, பையன் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

 ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்காகச் சொல்லலப்பா. உங்க மேல கோவம் இன்னும் போகல. எப்பப் போகும்னும் தெரியல. ஆனா நாளைக்கு நான் வாழப் போற வீட்டுல, எங்கப்பாவைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை குறைவாப் பேசிடக் கூடாது. அதுக்காகத்தான் சொன்னேன்."

துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். ஸ்டாப் வந்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள்.

"பாத்து இறங்குங்கப்பா" என்றாள்.